வட்ட மேஜை வீட்டை விட்டு நகராது

முதலில் என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அழகான முகம் என்று நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். அதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று இருபத்திரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு. என் முகத்தில் எதுவும் தெரியாது. சந்தோஷம் தெரியாது, துக்கம் தெரியாது, வயிற்றுவலிகூடத் தெரியாது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது பேர் வருவார்கள். ஃப்ரேமை மாட்டிக்கொண்டு, "எனக்கு எப்படி சார் இருக்கு?" என்பார்கள். முப்பது பேருக்கும் "எடுப்பா இருக்கு சார்" என்று சொல்ல வேண்டும். அப்போது இந்த முகத்தில் ஒரு ரேகை அசையக்கூடாது. அசைந்தால் வியாபாரம் போச்சு. இப்படிப் பதப்பட்ட முகத்துக்கு ஏற்ற ஆட்டம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது போக்கர்.

தெரியாதவர்களுக்காக நாலே வரியில் சொல்கிறேன். ஆளுக்கு அஞ்சு சீட்டு. பிடிக்காத சீட்டை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் பந்தயம். கையில் சரக்கு, அதாவது ஒரே மாதிரிச் சீட்டு இரண்டோ மூன்றோ, இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இருப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம், எதிரி பயந்துபோய்ச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால் ஜெயித்தது நாம்தான்.

எங்கள் சபைக்கு நாலு பேர். பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான தையல்காரர் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அப்புறம் நான். பத்து வருடமாகச் சனிக்கிழமை மூன்று மணி என்றால் ஆட்டம். ஒரு வாரம் தவறியதில்லை. ஒரு தடவை டாக்டருக்கே பல் வலி. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து ஆடினார்.

காசு வைத்து ஆடும் கூட்டமில்லை நாங்கள். அண்ணன் ஒரு டப்பா நிறையப் பட்டன் கொண்டுவருவார். சட்டைப் பட்டனுக்கு மதிப்பு ஒன்று, பேண்ட் பட்டனுக்கு ஐந்து, கோட்டுப் பட்டனுக்கு இருபது. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குள் போய்விடும். அண்ணன் அடுத்த நாள் அதிலிருந்தே எடுத்துத் தைப்பார். நான் போன வருடம் பிரமாதமாக ஜெயித்த பட்டன் ஒன்று இப்போது யாரோ ஒரு மனிதர் வயிற்றின் மேல் இருக்கிறது.

அப்படியானால் எதற்காக ஆடுகிறோம்? மேஜைக்காக. வட்ட மேஜை. நாலு பேரும் சேர்ந்து வாங்கியது. மேலே பச்சைத் துணி, அண்ணன் கைவேலை. வருடக் கடைசியில் யார் அதிகம் ஜெயித்திருக்கிறாரோ அவர் வீட்டுக்கு அந்த மேஜை போகும். அடுத்த வருடம் முழுக்க ஆட்டம் அங்கேதான். ஆறு வருடமாக அது என் வீட்டுக் கூடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் உட்பட, அதைத் தொட்டுப் பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை.

மேஜையை வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சபையின் விதி அப்படி. சீட்டைத் தொடுமுன் தையல்காரர் அண்ணன் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு வீட்டைச் சோதனை போடுவார். தன்னுடைய பச்சைத் துணியில் தூசி படியக்கூடாதாம். வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டினால், இடத்துக்கு ஒரு கோட்டுப் பட்டன் மேஜைக்காரருக்கு அபராதம். முதல் வருடம் கூடத்தை மட்டும் பார்த்தார். அப்புறம் ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை. டீ வருகிற இடமாயிற்றே என்று சமையலறை. கை கழுவும் இடமாயிற்றே என்று குளியலறை. இந்தச் சுத்தத்தையெல்லாம் மேஜைக்காரர் தன் கையால் செய்ய வேண்டும். மனைவி துடைப்பத்தைத் தொட்டாள் என்று தெரிந்தால் அபராதம் இரட்டிப்பு. என் மச்சானே அதற்குச் சாட்சி.

ஆறு வருடத்தில் நான் கட்டிய அபராதம் மொத்தம் மூன்று பட்டன். அதில் ஒன்று பல்லி செய்த காரியம். நான் பொறுப்பில்லை.

என் மனைவிக்கு இந்த மேஜையைக் கண்டாலே ஆகாது. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எத்தனையாவது நடைமேடையில் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். வண்டி வந்துவிட்டது என்பதையும் வண்டி இன்றைக்கு வரவே வராது என்பதையும் ஒரே குரலில் சொல்லுவாள். வீட்டிலும் அதே குரல்தான். சீட்டாட்டத்தைப் பற்றி அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. "ராணி பெரிசா, ஜாக்கி பெரிசா?" என்று ஒருநாள் கேட்டாள். ராணிதான் என்றேன். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் அவளுடைய போக்கர் ஞானம்.

இந்த வருடம் ஒரு நெருக்கடி. டாக்டரும் நானும் சமம். ஆளுக்குப் பதினேழு வெற்றி. மிச்சமிருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. அதில் டாக்டர் ஜெயித்தால் மேஜை அவர் வீட்டுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஏணி மேல் நின்று ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேலை முடிந்து வந்தாள்.

"ஏங்க, இறங்குங்க. எதுக்கு இந்தப் பாடு?"

"நாளைக்குக் கடைசி ஆட்டம். தெரியுமில்ல?"

"தோத்துட்டுப் போங்களேன். சனியன் தொலைஞ்சா கூடத்துல நானும் கொஞ்சம் கால நீட்டி உக்காருவேன்."

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் இந்த மேஜை நகராது!"

"அவ்வளவு உயரத்துல நின்னுக்கிட்டு உயிரப் பத்திப் பேசாதீங்க. டாக்டர் வீட்டுல அதுக்குன்னே தனி ரூம் கட்டியாச்சாம். ஏசி வேற."

"போடட்டும்."

"தரையெல்லாம் அப்படியொரு பளபளப்பாம். அண்ணன் அந்தத் துணிய வெச்சுத் தேய்ச்சா துணிதான் வெளுக்குமாம்."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். பிரஷ்ஷை எடுத்தேன்.

"எங்க போறீங்க?"

"குளியலறைக்கு."

"ஐயோ, வேணாங்க. போன வாரம்தானே தேய்ச்சீங்க. வாளிக்குப் பின்னால மூலையில கொஞ்சம் பாசி இருக்கு. அது யார் கண்ணுல படப்போகுது? விட்டுடுங்க."

"விட்டுடணுமா? என்னை யாருன்னு நினைச்ச?"

"அப்படியே சமையலறை மேல்தட்டும். அங்க இருக்கிற டப்பாவெல்லாம் ஒரே பிசுக்கு. அண்ணனுக்கு எட்டாது. பேசாம படுங்க."

அண்ணனுக்கு எட்டாதாம்! நாளைக்கு அவர் ஸ்டூல் போட்டு ஏறினால் என் மானம் என்ன ஆவது? அன்றைக்குப் பதினாலு டப்பாவையும் இறக்கிச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

என்னைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசலாம். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒன்று. இந்த மேஜை விஷயத்தில் அவள் சொன்னது எதையும் நான் கேட்டதில்லை. விடு என்றால் பிடிப்பேன். வேண்டாம் என்றால் இரண்டு தடவை தேய்ப்பேன். ஆண்பிள்ளை என்றால் வீட்டில் ஒரு விஷயத்திலாவது அப்படி இருக்க வேண்டும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. மேஜை வெளியே போகும் அளவுக்கு வாசல் கதவு அகலமா என்று அங்குல நாடா வைத்து அளந்து, டாக்டருக்கு அவளே போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். இதை மச்சான் வந்து சொன்னபோது எனக்குப் பகீரென்றது. சொந்த வீட்டிலேயே எதிர்க்கட்சி!

சனிக்கிழமை மத்தியானம். அவள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்குச் சபை கூடியது. டாக்டர் தனியாக வரவில்லை. பின்னால் ஒரு சரக்கு வேன் வந்து வாசலில் நின்றது. டிரைவர் கையில் கயிறு.

"என்ன டாக்டர் இது?"

"மேஜைய எடுத்துட்டுப் போகத்தான். நாளைக்கு வேன் கிடைக்காதுன்னாங்க."

"ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல."

"அதனாலதான் ஓரமா நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

பார்த்தீர்களா திமிரை! நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

சோதனை ஆரம்பமாயிற்று. அண்ணன் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஜன்னல், கதவு, ஃபேன். துணி வெள்ளை. குளியலறையில் வாளியை நகர்த்தினார். துணி வெள்ளை. சமையலறையில், நான் நினைத்தபடியே, ஸ்டூலைக் கேட்டார். மேல்தட்டில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தடவினார். பதினாலாவது டப்பா வரைக்கும் துணி வெள்ளை. கீழே இறங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் வீட்டுக்காரி இந்த சமையலறையப் பாத்தான்னா என்னைத் துரத்திடுவா."

என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்று அவரே அளந்து சொல்லியிருப்பார், நாடாவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. நாலு மணிக்கு மச்சானின் பட்டன் தீர்ந்தது. நாலே முக்காலுக்கு அண்ணனும் காலி. மிச்சம் டாக்டரும் நானும். இரண்டு பேர் மிஞ்சினால் இன்னும் ஒரே ஒரு கை, அதில் ஜெயித்தவருக்கே அன்றைய ஆட்டம் என்பது சபை விதி. மச்சான் சீட்டுப் போட்டான். என் கைக்கு வந்ததைப் பார்த்தேன். ஒரு ராணி, ஒரு ஜாக்கி, மூன்று உதிரி. மூன்றை மாற்றினேன். அதே மாதிரி மூன்று உதிரி வந்தது. டாக்டர் இரண்டே இரண்டு சீட்டை மாற்றினார். அப்படியானால் அவரிடம் ஒரே மாதிரி மூன்று சீட்டு உட்கார்ந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கையில் ஒன்றுமே இல்லை. இப்போதுதானே ஐயா முகத்துக்கு வேலை! என்னிடம் இருந்த பட்டன் அத்தனையையும், கோட்டு, பேண்ட், சட்டை எல்லாம் சேர்த்து, இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன்.

"மொத்தமும்" என்றேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாரே, அந்த மாதிரி குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

"மேஜை ஏன் ஆடுது?" என்றார் அண்ணன்.

ஆடத்தான் செய்தது. நடுவில் குவிந்திருந்த பட்டனெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் முகத்துக்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். முழங்காலைக் கவனிக்கவில்லை.

"மேஜைக்கு ஒரு கால் நொண்டிண்ணே."

"ஆறு வருஷமா நொண்டாத கால் இப்பதான் நொண்டுதாக்கும்?" டாக்டர் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தார். "டிரைவர்! கயித்த எடுத்துக்கிட்டு ரெடியா இரு!"

அவர் கை தன்னுடைய பட்டன் குவியல் பக்கம் போனது. தள்ளிவிட்டால் சீட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் மேஜை போச்சு. ஆறு வருடப் பெருமையும், கழுவிய டப்பாவும், ஏணியில் நின்ற காலும் எல்லாம் வேனில் ஏறிப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே வந்தாள்.

தோளில் பையோடு நேராக என் பின்னால் வந்து நின்றாள். என் கையிலிருந்த சீட்டு முழுவதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் மறைக்கவும் முடியாது. மறைத்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். தொலைந்தேன் என்று நினைத்தேன். இந்த மேஜை ஒழிந்தால் போதும் என்று வருடம் முழுக்க ஜபித்தவள் ஆயிற்றே. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், என் கதை முடிந்தது.

அவள் சிரிக்கவில்லை. சீட்டைப் பார்த்தாள். முகம் அப்படியே விழுந்துபோயிற்று. எந்த வண்டி வராவிட்டாலும் மாறாத குரல் அன்றைக்குக் கம்மியது.

"தம்பி, வாசல்ல நிக்கிற வேன்காரர போகச் சொல்லிடுடா."

"ஏன்க்கா?"

"எவ்வளவு நேரம்தான் நிப்பார், பாவம். இந்த வருஷமும் எனக்குக் குடுத்து வைக்கல."

பையை நாற்காலியில் பொத்தென்று போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான் வாசலுக்குப் போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

டாக்டரின் கை நடுவழியில் நின்றது. வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார்.

"தங்கச்சி இந்த மேஜை எப்ப போகும்னு நாளை எண்ணிக்கிட்டு இருக்கிறவங்க. கதவ அளந்து சொன்னதே அவங்கதான். அவங்களே வேனைத் திருப்பி அனுப்பறாங்கன்னா…" பெருமூச்சு விட்டார். "உன் முகத்துலதான் ஒன்னும் தெரியாதுய்யா. உன் வீட்டுக்காரி முகத்துல எல்லாம் தெரியுது."

சீட்டை மல்லாத்தி எறிந்தார். மூன்று ராஜா!

ஜெயித்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் காட்டாமல் இருக்க நான் என்ன ரிஷியா? ஒவ்வொன்றாக வைத்தேன். ராணி. ஜாக்கி. எட்டு. அஞ்சு. மூணு.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா தங்கச்சி! இதப் பாத்தா அப்படி மூஞ்சி வெச்ச?"

அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன், அது நல்ல சீட்டு இல்லையா? ரெண்டு படம் இருந்துச்சே. ஒன்னு சிவப்பு, ஒன்னு கறுப்பு. அம்சமா இருந்துச்சு!"

வீடே அதிரச் சிரித்தோம். மச்சானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டாக்டர்கூடச் சிரித்தார், கொஞ்சம் அழுகிற மாதிரி. நான் பெருந்தன்மையோடு அவளைத் தேற்றினேன்.

"பரவாயில்ல விடு. சீட்டெல்லாம் உனக்குப் புரியாது. அதுக்கு ஒரு மூளை வேணும்."

"ஆமாங்க" என்றாள்.

ஏழாவது வருடம்! ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு மூன்று ராஜாவை மண்ணைக் கவ்வ வைத்தவன் எங்கள் சபையில் வேறு யார் இருக்கிறார்கள்? எல்லோரும் போன பிறகு பச்சைத் துணியை நானே பிரஷ் போட்டுத் தட்டினேன். மேஜையை இரண்டு தடவை சுற்றி வந்தேன். கடைக்கு மேல் ஒரு சின்னப் பலகை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அதுவும் மேஜைக்காரர் வேலைதான்.

பின்கட்டில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் டாக்டரின் மனைவி என்று இரண்டாவது வார்த்தையிலேயே புரிந்தது. ஆறுதல் சொல்கிறாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திறக்கப் போனேன்.

"ஆமாங்க, இங்கதான் இருக்கப் போகுது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஏசியெல்லாம் போட்டு வெச்சீங்க."

குழாயைத் திறக்கவில்லை.

"அந்த வேன அனுப்பினீங்களே, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. இல்லைன்னா வேற என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல… அவர் கையிலயா? ஒரு ஜோடிகூட இல்லீங்க. எட்டு, அஞ்சு, மூணு. மேல ஒரு ராணி. அதுக்குப் போய் மொத்தத்தையும் தள்ளிட்டு உக்காந்திருக்கார், காலு வேற தடதடன்னு ஆடுது. எனக்கு உயிரே போயிடுச்சு… அட, நீங்க ஒன்னும் மனசு விட்டுடாதீங்க. அடுத்த வருஷம் பாப்போம். அது வரைக்கும் உங்க வீட்டு பாத்ரூம நீங்களேதான் தேய்ச்சுக்கணும், வேற வழியில்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். நான் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்குப் போக்கர் தெரியுமா?"

அவள் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை.

"தெரியாதுங்களே."

"இல்ல, இப்ப போன்ல…"

"அது கிடக்கட்டும். ஏங்க, நீங்க இவ்வளவு நல்லா ஆடறீங்களே, புதன்கிழமையும் ஒரு ஆட்டம் வெச்சுக்கக் கூடாதா? மாடியில ரெண்டு ரூம் இருக்கு."